விலையை முதலில் சொன்னவர்கள்

(நகரப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் பேசுவான் என்று எண்ணி அழைத்தோம், இவன் காய்ச்சலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். யாருடைய குழந்தை பிழைக்க வேண்டும், யாருடைய குழந்தை காத்துக் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் எதுவோ, அந்த இடத்திலேதான் அரசியல் இருக்கிறது. அந்த முடிவு ஒருமுறை எவ்வாறு மாற்றி எழுதப்பட்டது என்பதைச் சொல்லவே வந்தேன். கதை நடந்த இடம் ஆப்பிரிக்கா. ஆயினும் அதன் ஒரு முனை புனே நகரிலே இருக்கிறது. மற்றொரு முனை நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலே இருக்கிறது.

மூளையுறைக் காய்ச்சல் என்று ஒரு நோய். மெனிஞ்சைட்டிஸ் என்பர் டாக்டர்கள். மூளையையும் முதுகுத் தண்டையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலே கிருமி புகுந்து சீழ் வைக்கிறது. காலையில் தொட்டிலில் கால் உதைத்துச் சிரித்த குழந்தை மாலையில் கொதிக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, உச்சிக்குழி புடைத்து நிற்கிறது, கழுத்து விறைக்கிறது, வலிப்பு வருகிறது. தாய் பதறி எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். மருத்துவமனை அருகில் இருந்தால், முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்க்கிறார்கள். தெளிந்திருக்க வேண்டிய நீர் கலங்கி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது: கிருமியால் வரும் இந்நோய் கண்ட அறுவரில் ஒருவர் மடிகிறார், ஐவரில் ஒருவருக்குக் கடுமையான ஊனம் நேருகிறது. செவி போகிறது, அறிவு மங்குகிறது, கை கால் விளங்காமல் போகிறது. குழந்தைகளிடத்தில் இக்கொடுமையைச் செய்யும் கிருமிகளில் முதன்மையானவை மூன்று. மெனிங்கோகாக்கஸ், நியூமோகாக்கஸ், ஹிப் என்பன அவற்றின் பெயர்கள். பெயர்களை மறந்தாலும் குற்றமில்லை. மூன்றுக்கும் தடுப்பூசி உண்டு என்பதை மறவாதீர்கள்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே செனகலில் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா வரை, சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பை ஒட்டி ஒரு பட்டை வரைந்து பாருங்கள். லப்பேசொனி என்னும் பிரெஞ்சு இராணுவ டாக்டர் 1963இல் அப்பட்டையை வரைந்து, 'மூளையுறைக் காய்ச்சல் வளையம்' என்று பெயரிட்டார். டிசம்பரில் பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. தொண்டை வறள்கிறது, மூக்கு புண்ணாகிறது, கிருமிக்கு வழி திறக்கிறது. மழை வரும் வரை நோய் ஊர் ஊராகப் பரவுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே கதை. அங்கே வந்த கொள்ளைநோய்களில் பெரும்பாலானவற்றை விளைவித்தது மெனிங்கோகாக்கஸ் கிருமியின் ஏ வகை.

1996இலும் 1997இலும் வந்ததைப் போல அதற்கு முன் வந்ததில்லை. 2,50,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 25,000 பேர் மாண்டனர். கூடாரங்களில் பாய் விரித்துக் குழந்தைகளைக் கிடத்தினர். அந்தப் புழுதிக் காற்று அடித்த நாட்களில் நம் நாட்டு ஏடுகளில் அதைப் பற்றி எத்தனை வரி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. விடை உங்களுக்கே தெரியும்.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! 1969ஆம் ஆண்டு முதலே இருந்தது. அமெரிக்காவில் வால்டர் ரீட் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் காட்ஷ்லிக் முதலிய அறிஞர்கள் உருவாக்கினர். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் பாசறையில் நெருக்கியடித்துப் படுத்து உறங்குவார்கள். அவர்களிடையே இந்நோய் புகுந்தால் படையே முடங்கும். ஆகவே படையைக் காக்க மருந்து கண்டனர். கிருமி தன் உடலைச் சுற்றி ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்துக்கொண்டிருக்கிறது. அப்போர்வையைப் பிரித்தெடுத்து ஊசியாக்கினர். சிப்பாய்க்கு அது போதுமாக இருந்தது. கைக்குழந்தைக்கோ அது பயன்படவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அச்சர்க்கரையைப் பகை என்று அறிந்துகொள்வதில்லை. பெரியவர்களுக்கும் சில ஆண்டுகளில் அதன் வலிமை தேய்ந்துவிடும். தொண்டையில் கிருமியைச் சுமந்து திரிபவர் பிறருக்குக் கொடுப்பதையும் அது தடுப்பதில்லை. எனவே ஆப்பிரிக்காவில் என்ன செய்தார்கள்? நோய் மூண்ட பிறகு கப்பலிலும் விமானத்திலும் மருந்தை வரவழைத்து, ஓடி ஓடிக் குத்தினார்கள். வீடு பாதி எரிந்த பிறகு கிணறு வெட்டிய வேலைதான் அது.

குழந்தையின் உடலுக்கு எவ்வாறு கற்பிப்பது? ஓர் உவமை சொல்கிறேன். ஊருக்குப் புதிதாக ஒரு திருடன் நல்ல வேட்டி கட்டி வருகிறான். காவல்நாய் அவனைக் கண்டு குரைப்பதில்லை. அவனே, ஊரறிந்த போக்கிரி ஒருவனின் தோளில் கைபோட்டு வருகிறான் என்று வையுங்கள். நாய் குரைக்கிறது, இவன் முகத்தையும் மோப்பம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை தனியே வந்தாலும் விடுவதில்லை. தடுப்பூசியில் செய்ததும் அதுவே. குழந்தையின் உடலுக்கு எளிதில் விளங்கும் ஒரு புரதத்தோடு, எடுத்துக்காட்டாக வலிமை நீக்கிய டெட்டனஸ் நஞ்சோடு, கிருமியின் சர்க்கரையைப் பிணைத்துக் கொடுத்தனர்.

இந்தச் சூழ்ச்சி புதிதன்று. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஏவரி, கோபெல் என்ற இருவர் 1929லும் 1931லும் முயல்களிடத்தில் செய்து காட்டியது. அதன் பிறகு அது ஏட்டிலே உறங்கியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1980இல், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்களில் பணியாற்றிய ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்நீர்சன் ஆகியோர் அதைத் தட்டி எழுப்பி ஹிப் கிருமிக்குப் பயன்படுத்தினர். டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் ஆகிய இருவரும் தனியே அதே பாதையில் நடந்தனர். 1990இல் அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு ஹிப் ஊசி கிட்டிற்று. அதற்கு முன் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் ஹிப் கிருமியால் கடும் நோயுற்று, 1,000 குழந்தைகள் வரை மாண்டனர். சில ஆண்டுகளிலேயே நோய் நூற்றுக்கு 99 பங்கு ஒழிந்தது.

ஆக, வழி தெரிந்துவிட்டது. மெனிங்கோகாக்கஸ் ஏ வகைக்கும் அதே முறையில் ஊசி செய்யலாம் என்பது அறிஞர் அனைவருக்கும் விளங்கிற்று. செய்தார்களா? 1999இல் பிரிட்டன் தன் குழந்தைகளுக்குப் பிணைப்பு ஊசி போடத் தொடங்கியது. எந்த வகைக்கு? சி வகைக்கு! பிரிட்டனில் தொல்லை கொடுத்தது சி வகை. ஏ வகைக்கும் சேர்த்து ஆய்ந்து பார்த்த முயற்சி ஆப்பிரிக்கக் குழந்தைகளிடத்தில் சோதனை வரை சென்று, பின்பு கைவிடப்பட்டது. அறிவுக் குறைவு காரணமன்று. ஏ வகைக்கு அஞ்சியவர்களின் மடியில் பணமில்லை, அதுதான் காரணம். பிரிட்டனின் குழந்தையைக் காத்ததில் நமக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே. ஆனால் 25,000 பேர் மாண்ட கொள்ளைநோய்க்குப் பின்னர் மூன்றாண்டு கழித்தும் அந்தக் கண்டத்துக்கு ஊசி இல்லை என்பதை எந்த மருத்துவ நூலைக் கொண்டும் விளக்க முடியாது. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுதான் விளக்க முடியும்.

2001இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் பாத் என்னும் அமைப்பும் சேர்ந்து மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. மார்க் லஃபோர்ஸ் என்ற டாக்டர் தலைமை ஏற்றார். அவர் முதலில் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதாரப் பொறுப்பாளர்களிடம் போனார். எந்த விலைக்குக் கிடைத்தால் உங்களால் வாங்க இயலும் என்று கேட்டார். 50 சென்டுக்கு மேல் போனால் எங்களால் தாங்க முடியாது என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். அரை டாலர்! அன்றைய கணக்கில் நம் பணத்தில் 23 ரூபாய், 24 ரூபாய்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள், தோழர்களே. ஒரு பொருளைச் செய்துவிட்டு, இலாபம் சேர்த்து, விலையை ஒட்டி, 'வேண்டுமானால் வாங்கு, இல்லாவிட்டால் போ' என்பது சந்தையின் வழக்கம். இங்கே வாங்குபவன் முதலில் விலையைச் சொன்னான். அந்த விலைக்குள் அடங்கும்படி மருந்தைச் செய் என்றான். பிச்சை கேட்கவில்லை, கணக்குப் போட்டுக் கேட்டான். கணக்கு என்ன தெரியுமா? புர்க்கினா ஃபாசோ நாட்டிலே 2006, 2007 ஆண்டுகளில் கொள்ளைநோயின்போது ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 90 டாலர் செலவு. அந்நாட்டில் ஓர் ஆளின் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு! இத்தனைக்கும் மருந்து இலவசம் என்று அரசு அறிவித்திருந்த நாடு அது. ஆட்டை விற்றார்கள், தானியத்தை விற்றார்கள், கடன் வாங்கினார்கள். அரை டாலர் ஊசிக்கு வழியில்லாததால் 90 டாலர் இழந்தார்கள். குழந்தை பிழைத்து, செவிடாகி வீடு திரும்பினால், அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது.

பெரிய மருந்துக் கம்பெனிகளிடம் பேசினர். அரை டாலர் என்றதும் பேச்சு முறிந்தது. பிறகு வேறு வழி கண்டனர். ஏ வகைச் சர்க்கரையை ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறு நிறுவனத்திடம் பெற்றனர். பிணைக்கும் முறையை அமெரிக்க அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஃப்ராஷ், ராபர்ட் லீ ஆகிய அறிஞர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தனர், அது கைமாற்றப்பட்டது. டெட்டனஸ் புரதம் புனேயில் இருந்தது. 1966இல் தொடங்கப்பட்ட சீரம் இன்ஸ்டிட்யூட், சொன்ன விலைக்குச் செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டது.

ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படை நிலையத்தில் பிறந்தது முதல் ஊசி. அரசு ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று ஹிப் ஊசி. அரசுத் துறையின் கூடத்தில் கிடைத்தது பிணைக்கும் முறை. மூன்று படியிலும் பொதுமக்களின் வரிப்பணம் இருக்கிறது. தனியார் திறமையால்தான் மருந்து பிறக்கிறது என்று யாரேனும் மேடை ஏறினால், இந்த மூன்று படிகளை நினைவூட்டுங்கள். புனே நிறுவனத்தையும் நான் தருமசாலை ஆக்கிக் காட்டவில்லை. அது வணிகம் செய்தது, கோடிக்கணக்கில் விற்கும் என்று தெரிந்து செய்தது. அது வேண்டாதது என்றும் சொல்லவில்லை. செல்வரொருவரின் அறக்கட்டளை மனம் வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் என்னை உறங்கவிடுவதில்லை. ஒரு கண்டத்தின் குழந்தைகளின் உயிர் ஒரு தனி மனிதரின் மனத்தைப் பொறுத்து நிற்பது நல்ல ஏற்பாடாகாது.

ஊசி செய்தால் போதாது. அதை மக்கள் நம்ப வேண்டும். நம்பிக்கை அங்கே ஏற்கெனவே புண்பட்டிருந்தது. 1996இல் அதே கொள்ளைநோயின் நடுவே, நைஜீரியாவின் கானோ நகரில், ஃபைசர் கம்பெனி ஒரு புதிய மருந்தைச் சோதித்தது. 200 குழந்தைகள், பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. 11 குழந்தைகள் இறந்தனர். முறையாக இசைவு பெறவில்லை என்று பெற்றோர் வழக்காடினர். நோய்தான் கொன்றது, மருந்து கொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. 2009இல் கானோ மாநிலத்தோடு 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இடையில் 2003இல் அதே கானோவில் போலியோ சொட்டு மருந்தை மறுத்து நின்றார்கள். அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பழைய வடு ஆறாதிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை அறிந்தோர் எழுதியிருக்கிறார்கள்.

எனவே இம்முறை நிதானமாக நடந்தனர். முதல் சோதனை 2005இல் இந்தியாவில், பெரியவர்களிடத்தில். அடுத்து 2006இல் மாலி நாட்டின் பமாக்கோவிலும் காம்பியாவின் பாஸேயிலும் சிறு குழந்தைகளிடத்தில். பமாக்கோவில் அப்பணியை நடத்தியவர் சம்பா சோ என்ற மாலி நாட்டு டாக்டர். 2010 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் அளித்தது.

2010 டிசம்பர் 6ஆம் நாள். புர்க்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகு. புழுதிக் காற்று தொடங்கும் பருவம். ஆனால் இம்முறை ஊசி முந்திக்கொண்டது! ஒரு வயது முதல் 29 வயது வரை உள்ளோர் வரிசையில் நின்றனர். பத்தே நாட்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டு முடித்தனர். உலகின் ஏழை நாடுகளில் ஒன்று, ஒரு புதிய தடுப்பூசியை, வேறெந்த நாட்டுக்கும் முன்னதாகத் தன் நாடு முழுவதும் போட்டு முடித்தது. பழைய ஊசி செய்யாததை இது செய்தது: தொண்டையில் கிருமி தங்குவதையே தடுத்தது. சாடு நாட்டில் ஊசி போட்ட பகுதிகளையும் போடாத பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நோய் 94 விழுக்காடு குறைந்திருந்தது. 2012இல் பெனின் நாட்டில் இன்னொரு புதுமை. 40 பாகை வெப்பத்திலும் நான்கு நாள் கெடாது என்று உறுதி செய்து, பனிக்கட்டிப் பெட்டி இல்லாமலே சிற்றூர்களுக்கு எடுத்துச் சென்றனர். பனிக்கட்டி சுமந்து திரிந்த செவிலியரைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். 2017 முதல் அந்த வளையம் முழுவதிலும் ஏ வகை நோய் ஒருவரிடத்திலும் உறுதி செய்யப்படவில்லை. நூறாண்டுக் கொடுமை ஏழாண்டில் அடங்கிற்று.

கிருமியின் மற்ற வகைகள் அடங்கவில்லை. 2015இல் நைஜரில் 8,500 பேருக்கு மேல், 2017இல் நைஜீரியாவில் 14,500 பேருக்கு மேல் நோயுற்றனர். அது சி வகை. நைஜீரியாவில் 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரிட்டன் 1999லேயே தன் குழந்தைகளைக் காத்துக்கொண்ட அதே சி வகை! அதன் பின் புனேயிலே ஐந்து வகைகளுக்கும் ஒரே ஊசி உருவாயிற்று. 2023 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. 2024இல் நைஜீரியா முதன்முதலாகப் போட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். புனேயில் செய்த ஊசி ஆப்பிரிக்காவைக் காத்தது என்று பெருமை பேசுகிறோம், பேசலாம். நம் குழந்தைக்கு ஹிப் ஊசி அரசு மருத்துவமனையில் எப்போது கிட்டிற்று? 2011 டிசம்பரில். இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்த் தடுப்பூசி தொடங்கப்பட்டது. அதில் ஹிப் அடங்கியிருக்கிறது. அமெரிக்கக் கைக்குழந்தைக்கு 1990, நம் குழந்தைக்கு 2011. இடையே 21 ஆண்டுகள். நியூமோகாக்கஸ் பிணைப்பு ஊசி? அமெரிக்காவில் 2000, தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் 2021. மீண்டும் அதே 21 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் பணம் உள்ளவர் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுக்கொண்டனர். மற்றவர் வீட்டுக் குழந்தை காத்திருந்தது. முந்திய மாநிலத்தின் நிலையே இது என்றால், பிந்திய மாநிலங்களைப் பற்றி என்ன சொல்ல!

நம்மிடம் கூடங்கள் இல்லாமல் இல்லை. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. ஐந்து நோய் ஊசியில் அடங்கிய மூன்று நோய்களுக்கான முத்தடுப்பூசியைச் செய்து தந்த நிலையம். கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2008 ஜனவரியில் இவ்விரண்டின் உரிமத்தையும், கசௌலி நிலையத்தின் உரிமத்தையும் மத்திய அரசு ஒருங்கே நிறுத்தி வைத்தது. உற்பத்தி முறை தரக் கட்டளைக்கு ஒத்து வரவில்லை என்பது காரணம். குறை இருந்தது உண்மை, மறைப்பதற்கில்லை. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள். குடியிருப்போரை வெளியேற்றிப் பூட்டுப் போட மாட்டார்கள். 2010இல் தடை நீங்கிற்று. அதற்குள் அரசு தன் சொந்தக் கூடங்களை விட்டுத் தனியாரிடம் வாங்கிப் பழகிவிட்டது. செங்கல்பட்டில் ஏறத்தாழ 600 கோடி ரூபாயில், ஐந்து நோய் ஊசி உள்ளிட்டவற்றைச் செய்வதற்கென்று ஒரு பெரும் வளாகம் கட்டினார்கள். 2021 மே திங்களில், கொரோனா கொன்று குவித்த நாட்களில், தமிழ்நாடு முதலமைச்சர் அங்கே போய்ப் பார்த்தபோது அது பயன்படாமல் கிடந்தது. மாநிலத்திடம் குத்தகைக்குத் தாருங்கள் என்று தலைமை அமைச்சருக்கு எழுத வேண்டியிருந்தது.

விலையை வாங்குபவன் சொல்ல வேண்டுமானால், செய்யத் தெரிந்த கூடம் ஒன்றேனும் அவன் கையில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு அது இல்லாததால் புனேயைத் தேடி வர நேர்ந்தது. நமக்கு இருக்கிறது, கையில் வைத்துக்கொண்டே இல்லாதவர் போல நிற்கிறோம். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இதைக் கேட்பவர்கள் கேட்கட்டும். நீங்களும் நானும் நாளைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஐந்து நோய் ஊசி ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில். நியூமோகாக்கஸ் ஊசி ஆறாவது, பதினான்காவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும். எல்லாம் இலவசம். செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள், கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள், குழந்தை பிறந்த கையோடு ஊர் மாறிப் போனவர்கள், இவர்கள் வீட்டு அட்டையில்தான் கட்டங்கள் வெற்றாகக் கிடக்கும். உங்கள் கிளைப் பகுதியில் தெருவுக்கு இருவராகப் போய் அட்டையை வாங்கிப் பாருங்கள். விட்டுப் போன பெயர்களை எழுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுங்கள். ஊசி போடும் நாள் புதன்கிழமை. இன்று ஞாயிறு, இடையில் இரண்டு நாட்கள் இருக்கின்றன.